கச்சான் காற்றும் ஜௌபர் நானாவின் சின்னப் பல்லும்

மே மாதம் தென்மேற்குக் கச்சான் காற்று எழும்பியதிலிருந்து செப்டம்பர் முடியும்வரை எங்கள் தபால்காரர் ஜௌபர் நானாவின் முகத்தை எதிரே வருபவர்கள் காண்பதில்லை. நெஞ்சு ஹேண்டிலில் முட்டக் குனிந்து போவார். தலையில் இறுக்கிக் கட்டிய லேஞ்சித் துணியின் முடிச்சு மட்டும் தெரியும். குறிஞ்சிப்பிட்டியிலிருந்து நுரைச்சோலைப் பக்கமாகப் பதினொரு கிலோமீற்றர், அதிலிருந்து கடற்கரை ஒழுங்கைகள், பிறகு திரும்பி வருதல். போகும்போது காற்று முகத்தில், வரும்போது முதுகில். இருபத்திரண்டு வருடமாக இதுதான் அவருடைய ரூட்.

வயது நாற்பத்தேழு. பிறந்தது மன்னாரில், எருக்கலம்பிட்டியில். தொண்ணூறில், போர்க்காலத்தில், அங்கிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னபோது பன்னிரண்டு வயதில் படகில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினார். அதற்குப் பிறகு கிடுகுக் கொட்டில்களிலும் தகரக் கொட்டில்களிலுமாக நாலு இடம் மாறினார்கள். முகாமுக்கு வரும் கடிதங்களில் பெயரும் ‘அகதி முகாம்’ என்பதும்தான் இருக்கும். எந்தக் கொட்டிலில் எந்தக் குடும்பம் என்று அறிந்திருந்தவர் இவர்தான். அப்படிக் கொடுத்துக் கொடுத்தே பதில் தபால்காரராகச் சேர்ந்து, பிறகு நிரந்தரமானார். எனக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்த கடிதத்தை எங்கள் வளவுக்குக் கொண்டு வந்தவரும் அவர்தான். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, “பிரிச்சுப் பாருங்க, நான் நிக்கிறன்” என்று சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் அந்தக் கடிதத்தோடுதான் ஆரம்பமானது.

அவர் ஓடுவது தபால் திணைக்களத்துக் கனத்த சைக்கிள் அல்ல. இரண்டாயிரத்து இருபத்திரண்டில் பெற்றோல் இல்லாத மாதங்களில் புத்தளத்தில் வாங்கிய ஜப்பான் ரேசிங் சைக்கிள். மெல்லிய டயர், வளைந்த ஹேண்டில், தூக்கித் தோளில் வைக்கலாம் போன்ற எடை. மோட்டார் சைக்கிளும் ஒன்று இருந்தது. அது மகளின் நிக்காஹோடு மருமகன் வீட்டுக்குப் போய்விட்டது.

அந்தச் சைக்கிளில் மிதிக்கும் இடத்தில் பெரிதும் சிறிதுமாக இரண்டு பல்சக்கரங்கள் உண்டு. செயினை ஒன்றிலிருந்து மற்றதற்குத் தள்ளிவிட மேலே ஒரு சிறு இரும்புக் கூடு இருக்கும். எங்கள் பக்கத்தில் அதை முன்கியர் என்பார்கள். ஆனால் எங்கள் ஊரில் அதை யாரும் பாவிப்பதில்லை. தரை முழுக்கத் தட்டை. பாலம்கூட ஏற்றம் இல்லாத பாலம். சின்னச் சக்கரத்தில் ஓடுகிறவனைச் சந்தியில் சும்மா விடமாட்டார்கள். “சின்னப் பல்லு நுவரெலியாக்காரனுக்கு. இங்க எங்கடா மலை?” என்பார்கள். ஜௌபர் நானாவும் அப்படிச் சொன்னவர்தான். உப்புக் காற்றில் முன்கியர் துருப்பிடித்துத் தானாக ஆட ஆரம்பித்ததும், அவர் அதைப் பெரிய சக்கரத்தின் பக்கம் இழுத்துத் தங்கூசி நூலால் நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டார். மீன் வலைக்குப் போடும் அதே முடிச்சு. மூன்று கச்சான் பருவம் அந்தப் பெரிய சக்கரத்தின் ஐம்பத்திரண்டு பல்லையே மிதித்தார்.

வலது முழங்கால் முதலில் வீங்கியது, பிறகு இடது. போன மாதம் மூன்று நாள் பாதி ரூட்டோடு திரும்பி வந்தார். பை நிறையக் கடிதம் அடுத்த நாளைக்குக் கிடந்தது.

புத்தளத்தில் டொக்டரிடம் அவரும் மனைவி அஸ்ரியாவும் போனார்கள். டொக்டர் சொன்னது இரண்டு வசனம்: சைக்கிளை விடுங்கள், விட முடியாவிட்டால் பாரமில்லாமல் மிதியுங்கள். ஜௌபர் நானாவின் காதில் முதலாவது விழுந்தது. அஸ்ரியா ராத்தாவின் காதில் இரண்டாவது விழுந்தது.

அடுத்த கிழமை உப தபாலதிபர் ஸஹ்னா மிஸ் ஒரு படிவத்தை அவர் முன்னால் வைத்தார். உடல் இயலாமை உள்ளவர்கள் உள் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். இடம் கொழும்பில், கடிதம் பிரிக்கும் பகுதியில்.

“நானா, நான் ஒங்கள அனுப்பப் பாக்கல்ல,” என்றார் ஸஹ்னா மிஸ். “ஆனா மூணு நாள் தபால் நிண்டிச்சு. ஆக்கள் எனக்குத்தான் கோல் எடுக்கிறாங்க. திங்கக்கிழம பின்னேரம் மூண்டரைக்குப் பை கட்டுறதுக்கு முந்தி, ஓம் எண்டோ இல்ல எண்டோ எழுதித் தாங்க. இல்ல எண்டா ரூட்ட முழுசாச் செய்யோணும். அவ்வளவுதான்.”

அவர் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்று மாலை எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவிலுள்ள வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் சொன்னார்:

“தம்பி, கொழும்புல ஒரு ரூம் எடுத்து, இவவ இங்க விட்டுட்டு… இல்லாட்டி வீட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரும். எப்பிடி எண்டாலும் மூட்ட கட்டோணும். நான் மூட்ட கட்டினது போதும் தம்பி. இன்னொருக்கா ஏலா.”

குரலில் கோபம் இல்லை. களைத்துப்போன மனிதன் கணக்கு வாத்தியாருக்குப் பதில் சொல்வது போலச் சொன்னார்.

டொக்டரின் இரண்டாவது வசனத்தைப் பிடித்துக்கொண்டவர் அஸ்ரியா ராத்தாதான். “பாரமில்லாம மிதிக்க அந்தச் சைக்கிள்ல வழி இல்லயா?” என்று என்னைக் கேட்டார். வழி இருந்தது. எதிர்க்காற்று என்பது மிதிப்பவனுக்கு ஏற்றம்தான், கண்ணுக்குத் தெரியாத ஏற்றம். பல்சக்கரங்களைச் சிறிதாக்கினால் கால் அதிக தடவை சுற்றும், ஆனால் ஒவ்வொரு மிதியும் இலேசாகும். அந்தச் சைக்கிளில் இருந்த சின்னச் சக்கரமே நாற்பத்திரண்டு பல், அது போதாது. நான் வேலை முடிந்து புத்தளம் தில்லையடியில் ஒரு பழைய ஜப்பான் சைக்கிள் கடைக்குப் போனேன். நாற்பத்தாறு பல்லும் முப்பத்துநாலு பல்லும் உள்ள சோடியொன்று, மிதிக்கட்டை பூட்டும் கிராங்கோடு கிடந்தது.

கடைக்காரர், “பண்டாரவளை மலைக்கா?” என்றார்.

“இல்ல, குறிஞ்சிப்பிட்டிக்கு.”

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேப்பரில் சுற்றித் தந்தார். கிராங் கழற்றும் சாவியையும் இரவல் தந்தார்.

பூட்டுவதற்கு நெய்னார் வந்தார். ஜௌபர் நானாவின் பக்கத்து வளவுக்காரர், வயதொத்தவர், படகு இஞ்சின் பழுது பார்ப்பவர். சைக்கிள் அவருடைய தொழில் அல்ல. ஆனால் துருப்பிடித்த நட்டு எதுவானாலும் எங்கள் பக்கத்தில் அவரிடம்தான் போகும்.

வியாழக்கிழமை அஸர் தொழுதுவிட்டு முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். நெய்னார் தங்கூசி முடிச்சைப் பார்த்தார்.

“மச்சான், இதென்ன, சுறா பிடிக்கக் கட்டினதா?”

“வெட்டு மச்சான். கதைக்காம வெட்டு.”

நூலை வெட்டிய பிறகு முன்கியரைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போட வேண்டியிருந்தது. அது சட்டக் குழாயை ஒரு வளையம் போலப் பிடித்துக்கொண்டு நிற்கும். வளையத்தின் ஆணியைத் திருகுவதற்கு முன் நெய்னார் ஒரு கம்பியாணியை எடுத்து, குழாயில் வளையத்தின் மேல் விளிம்போடு ஒரு கோடு கீறினார். அது அவருடைய பழக்கம். கடலுக்குப் போகும் இஞ்சினில் எதைக் கழற்றினாலும் முதலில் கோடு, திரும்பப் பூட்டுவது அந்தக் கோட்டுக்கு. மயிரளவு விலகினால் நடுக்கடலில் நிற்க வேண்டி வரும் என்பார். அப்படிப் பூட்டிய இஞ்சின் ஒன்றும் இதுவரை நின்றதில்லை.

பழைய கிராங் போய்ப் புதியது ஏறியது. செயினில் ஒரு சோடிக் கண்ணி குறைத்தார்கள். புதுக் கேபிள் போட்டார்கள். ஊறித் துடைத்து எண்ணெய் விட்ட முன்கியரை நெய்னார் கொண்டுவந்து, கோட்டுக்குச் சரியாக வைத்து, படகு இஞ்சினை இறுக்குவது போல இறுக்கினார்.

நானும் பக்கத்தில் நின்றேன். பௌதிகம் படித்தவன். கோட்டில் சரியாக நிற்கிறதா என்று குனிந்து பார்த்து, “சரி” என்று சொன்னவனும் நான்தான்.

வெள்ளிக்கிழமை அவர் புறப்பட்டார். முதல் ஐந்து கிலோமீற்றரும் தென்னந்தோட்டங்களின் மறைவு. பெரிய சக்கரமே போதும். மறைவு முடிந்து வெட்டைவெளி தொடங்கும் இடத்தில் காற்று அடித்தது. கழுதைகள்கூட அங்கே காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கும். அவர் லீவரைத் தள்ளினார். செயின் சின்னச் சக்கரத்தில் இறங்கவில்லை. அதையும் தாண்டி உள்ளே விழுந்து, சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் இறுகிக்கொண்டது. கால் வெறுமையில் ஒரு சுற்றுச் சுற்ற, அவர் இடப்பக்கமாக மணலில் சாய்ந்தார்.

இழுத்து எடுத்து மறுபடி போட்டார். ஒரு கிலோமீற்றர் போகவில்லை, மறுபடி விழுந்தது. அன்று ஏழு தரம் விழுந்ததாகச் சொன்னார். ஒவ்வொரு தரமும் காலை மடித்துக் குந்தி எழும்ப வேண்டும். குந்துவதுதான் அவருக்கு மிதிப்பதைவிடப் பெரிய வேதனை. ஜும்ஆ நேரம் வந்ததும் வழியிலிருந்த பள்ளிவாசலுக்குள் போனார். கையில் கிறீஸ். கைகால் கழுவும் ஹவுள் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் சவர்க்காரக் கட்டியை நீட்டிவிட்டு, “கராஜா?” என்று கேட்டாராம். “தபால்,” என்றாராம் இவர்.

எட்டாவது கிலோமீற்றரில் திரும்பிவிட்டார். பையில் பத்தொன்பது கடிதம் மிஞ்சியது. ஸஹ்னா மிஸ் எண்ணிப் பார்த்துவிட்டு அலுமாரியில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்றார் ஜௌபர் நானா.

சனிக்கிழமை படிவத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார். பெயர், பதவி, சேவைக் காலம் நிரப்பியாயிற்று. விருப்பம் என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. நெய்னார் கதவடியில் நின்றார்.

“மச்சான், நான் சரியாத்தான் பூட்டினேன். கோட்டுக்கு ஒரு நூல் விலகல்ல.”

“ஓம், ஓம். ஒன்ன யாரும் குத்தம் சொல்லல்ல.”

“சாமான்தான் பழுது. பழைய சாமான்.”

“நானும் பழைய சாமான்தான். விடு மச்சான்.”

அஸ்ரியா ராத்தா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். படிவத்தைப் பார்த்தார். “திங்கக்கிழம தானே?” என்றார். “இண்டைக்கு ஏன் எழுதுறீங்க?” பேனையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கண்டுபிடித்தது நானோ நெய்னாரோ அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலை ஜௌபர் நானா முற்றத்தில் ஒரு கதிரையைப் போட்டு, குந்த ஏலாததால் கதிரையிலிருந்தே சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுட்டுவிரலை நீட்டி, பெரிய சக்கரத்தின் பல்லுக்கும் முன்கியர்க் கூட்டின் அடிக்கும் நடுவில் வைத்தார். விரல் நுழைந்தது. முழு விரல் அகலம்.

“தம்பி, இங்க வாங்க. நெய்னாரையும் கூப்பிடுங்க.”

நாங்கள் வந்து பார்த்தோம். அவர் விரலை எடுக்கவில்லை.

“சக்கரம் சின்னதாப் போச்சு. கூடு பழைய எடத்துலயே நிக்கிது. ஆள் பள்ளத்துல இறங்கி நிக்கிறான், இவர் மேட்டுல நிண்டு கைய நீட்டுறாரு. எப்பிடிப் பிடிக்கிறது?”

நெய்னார் கோட்டைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். “இஞ்சின்ல சாமான் சின்னதாகிறல்ல மச்சான்,” என்றார். அதைச் சமாதானமாகவும் எடுக்கலாம், மன்னிப்பாகவும் எடுக்கலாம். ஐம்பத்திரண்டு பல்லுக்கும் நாற்பத்தாறு பல்லுக்கும் நடுவில் ஆரையில் எவ்வளவு குறையும் என்று நான் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு மில்லிமீற்றர். பெருக்கவும் வகுக்கவும் அரை நிமிடம் எடுத்த கணக்கு. வியாழக்கிழமை அதைச் செய்ய எனக்குத் தோன்றவில்லை.

இறக்குவது லேசாக இல்லை. நெய்னார் இறுக்கிய இறுக்கில் ஆணியின் தலை பாதி தேய்ந்திருந்தது. முதலில் கேபிளைத் தளர்த்தினோம். மண்ணெண்ணெய் விட்டோம், சுடுதண்ணீர் ஊற்றினோம். மதியம் லுஹர் தொழுகைக்குக் கிட்டத்தான் வளையம் அசைந்தது. கோட்டுக்குக் கீழே மெதுவாக இறக்கிக்கொண்டு வந்தபோது ஜௌபர் நானா சட்டைப் பையிலிருந்து ரெண்டு ரூபாய் நாணயக் குத்தி இரண்டை எடுத்தார். நான் போனில் பார்த்துச் சொன்ன அளவு ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீற்றர். அவர் அதைத் தன் கணக்குக்கு மாற்றிக்கொண்டார்.

“பல்லுக்கும் கூட்டுக்கும் நடுவுல ஒரு குத்தி போகோணும். ரெண்டு போகப்படாது. அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான் நானா. பொறகு கூட்டின் வெளித்தகடு சக்கரத்துக்கு நேரா நிக்கோணும். சரிஞ்சா உரசும்.”

ஒரு குத்தி போனது, இரண்டாவது மறுத்தது. நெய்னார் இறுக்கப் போனார்.

“மச்சான், மனுசன் இறுக்கிற மாதிரி இறுக்கு,” என்றார் ஜௌபர் நானா. “இது கடலுக்குப் போறல்ல.”

கூடு இறங்கியதும் கேபிள் தொளதொளத்தது. குறட்டால் இழுத்து மறுபடி பூட்டினோம். கூட்டை உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு போகவிட வேண்டும் என்பதற்கு இரண்டு சின்ன ஆணிகள் உண்டு. உள் ஆணியைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருகி, செயின் சின்னச் சக்கரத்தில் இருக்கும்போது உள்தகடு அதைத் தொட்டும் தொடாமலும் நிற்கவைத்தோம். அஸ்ரியா ராத்தா பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தார், நான் மிதியைக் கையால் சுற்றினேன், ஜௌபர் நானா லீவரைத் தள்ளினார். செயின் இறங்கியது. ஏறியது. இறங்கியது. இருபது தரம் செய்து பார்த்தோம். ராத்தா, “எண்ட கையும் இறங்குது,” என்றார்.

திங்கட்கிழமை நான் பின்னால் போகவில்லை. எனக்கும் வேலை இருந்தது. அன்று நடந்ததை அவர் சொன்னபடிதான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மிஞ்சிய பத்தொன்பதோடு பை வழமையை விடப் பாரம். பத்து மணிக்குப் புறப்பட்டார். வெட்டை வந்ததும் லீவரைத் தள்ளுமுன் ஒருமுறை பிஸ்மி சொன்னார். செயின் ஒரு சின்னச் சத்தத்தோடு இறங்கி அங்கேயே நின்றது. கால்கள் வேகமாகச் சுற்றத் தொடங்கின. சைக்கிள் வேகமாகப் போகவில்லை, நடப்பவனைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஆனால் போனது.

சந்தியில் போன் ரீலோட் கடை வைத்திருக்கும் ரிப்கான் வெளியே வந்து பார்த்தான்.

“நானா, அது என்ன, தையல் மிசினா?”

“ஓம். ஒண்ட வாயத் தைக்கத்தான் வாறேன். சைன் போடு, ரிஜிஸ்டர் கடிதம்.”

ரிப்கான் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். “மெய்யாத்தான் கேக்கிறேன் நானா, சின்னப் பல்லா?”

“சின்னப் பல்லுதான். நீயும் அம்பது நெருங்கி, இந்தக் காத்துக்குள்ள பதினொரு கிலோமீற்றர் மிதிச்சுப் பாரு. பொறகு வந்து கேளு.”

கடற்கரை ஒழுங்கைகளில் மெல்லிய டயர் மணலில் புதையும். அங்கே இறங்கித் தள்ள வேண்டும். எப்போதும் தள்ளியவர்தான், ஆனால் அன்று ஒவ்வொரு தரமும் ஏறுவதற்குச் சட்டத்துக்கு மேலால் காலைக் கையால் தூக்கிப் போட வேண்டியிருந்தது. கடைசிக் கடிதம் ஒரு வெங்காயத் தோட்டத்துக்காரருக்கு. அவர் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு தூரத்தில் நின்றார். கூப்பிட்டால் காற்றில் கேட்காது. இவர் வரப்பால் நடந்து போய்க் கையில் கொடுத்துவிட்டு, நேரம் கேட்டார். ஒன்று ஐம்பது.

திரும்பும்போது முதுகில் காற்று. பெரிய சக்கரத்துக்கு ஏற்றிக்கொண்டு பாதிக்கு மேல் மிதிக்காமலே வந்தார். மூன்று பதினைந்துக்கு அலுவலக வாசலில் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். ஸஹ்னா மிஸ் பைக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார். இவர் தன் பையைக் கவிழ்த்துக் காட்டினார். கொஞ்சம் மணல் மட்டும் விழுந்தது.

“முழுக்கவா நானா?”

“முழுக்க.”

“கால்?”

“காலக் கேக்காதீங்க மிஸ். பேன ஒண்டு தாங்க. எண்ட பேனய வீட்டுல பறிச்சிட்டாங்க.”

விருப்பம் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிக் கையொப்பம் வைத்தார். ஸஹ்னா மிஸ் அதை உறையில் போட்டு, பைக்குள் வைத்து, நூலை இழுத்து முத்திரை குத்தினார்.

“செப்டம்பர் முடிய மட்டும் இப்பிடித்தான் நானா. யோசிச்சீங்களா?”

“யோசிக்கத்தான் திங்கக்கிழம மட்டும் தந்தீங்களே.”

நான் வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அவர் வீட்டுக்குப் போகும் மணல் பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். ஏறி ஓடக்கூடிய பாதைதான். நான் பின்னால் போய்ச் சேர்ந்து, சீற்றைப் பிடித்துத் தள்ளினேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

“எழுதிட்டீங்களா நானா?”

“எழுதிட்டன். இங்கதான்.”

சக்கரம் மணலில் இழுபட்டது. இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளினேன்.

“நோகுதா?”

“நோகுது. வெள்ளிக்கிழம மாதிரி இல்ல. ஆனா நோகுது.” நின்று மூச்சு வாங்கினார். “பெரிய பல்லுல வச்சு, பின்சக்கரத்துப் பல்லையும் பெரிசுல போட்டா, கூட்டுல இன்னும் கொஞ்சம் உரசுது தம்பி. கிறீச் கிறீச் எண்டு. திரும்பி வாற வழியில மிதிச்ச எடமெல்லாம் அந்தச் சத்தம்.”

“இப்ப பாப்பமா? கால் சுற்றுத் திருகினாச் சரி.”

“வேணாம்,” என்றார். “ஞாயித்துக்கிழம பாப்பம். இண்டைக்கு எனக்குக் குனிய ஏலா.”